தங்கையின் குப்பைப் பை

பெரியவளுக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. புது ஊருக்குப் போனால் வழி கேட்க மாட்டாள். கடையில் விலை கேட்க மாட்டாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டாள். அவர் கைக்கடிகாரம் தன் பக்கம் திரும்பும்வரை கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பாள். கேட்டுவிட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடுமாம். எதையும் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு அவள் ஒருத்திதான் தலைவியும் தொண்டரும்.

பார்வை அவளுக்கு அப்படி வாய்த்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முன் மேசை அவளுடையது. உள்ளே இருட்டறையில் முதலாளி எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதி அனுப்புவார். சீட்டோடு வெளியே வருகிறவரிடம் "எந்த மாதிரி வேணும், என்ன கலர்" என்றெல்லாம் இவள் விசாரிக்க மாட்டாள். ஏற இறங்க ஒரு பார்வை. மூக்குத் தண்டு எவ்வளவு அகலம், ஒரு காது மற்றதைவிட எவ்வளவு மேலே, ஆள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொள்ளும் ரகமா, கழற்றிக் கடித்துக்கொண்டிருக்கும் ரகமா, எல்லாம் அந்த ஒரு பார்வையில் தேறிவிடும். சுவர் முழுக்கத் தொங்கும் பிரேம்களில் இரண்டை எடுத்து வைப்பாள். வந்தவர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

லென்ஸ் போட்டுக் கண்ணாடி தயாரானதும் மாட்டிப் பார்க்கிற வேலைதான் முக்கியம். சூடான காற்று ஊதும் சின்ன மிஷினில் பிரேமின் கம்பியைக் காட்டி, இளகும் பதத்தில் எடுத்து, வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து வளைத்துவிடுவாள். "கண்ணாடி போட்டிருக்கறதே தெரியலைங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்கு வீட்டில் சமையலும் நன்றாக இருக்கும்.

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அக்கா வாயே திறக்காத ரகம் என்றால் தங்கைக்கு வாய் மூடவே மூடாது. கேள்விப் பெட்டி. கேட்டுக் கேட்டே எதையும் வாங்கிவிடுவாள். சின்ன வயதில் ஜன்னலோர இருக்கையைக் கேட்டாள், கிடைத்தது. அப்பாவின் தோளைக் கேட்டாள், ஏற்றிக்கொண்டார். பெரியவளுக்கும் அதெல்லாம் வேண்டித்தான் இருந்தது. தனக்கு வேண்டும் என்பதை அடுத்தவர்களாகவே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உலகத்தில் எல்லோருக்குமா அவள் கண் இருக்கிறது? "பெரியவ பாவம், எதுக்கும் ஆசைப்பட மாட்டா" என்று வீட்டில் அவளுக்குப் பேர் வந்தது. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவள் வயிறு எரிந்தது யாருக்கும் தெரியாது.

அப்பா விட்டுப் போனதில் சண்டை சச்சரவு இல்லாமல் சமமாகப் பிரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய தோல். முழங்கையிலும் முட்டியிலும் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளைச் செதிலாக உதிரும் படை. டாக்டர்கள் அதைச் சொரியாசிஸ் என்கிறார்கள். ஒருவரைத் தொட்டு இன்னொருவருக்கு ஒட்டாது. குடும்பத்தில் வழிவழியாக வரும். அக்காவுக்கும் தங்கைக்கும் நாற்பதைத் தாண்டியதும் ஒரே வருடத்தில் எட்டிப் பார்த்தது. சின்னவளுக்கு முழங்கையிலும் முன்னங்கையிலும். பெரியவளுக்கு, வேறு இடமே கிடைக்காதது போல, இரண்டு கைவிரல்களிலும்.

அந்த விரல்களை ஒருவர் காதருகே கொண்டுபோக வேண்டும். யோசித்துப் பாருங்கள். முதலில் ஒருவர் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொருவர் "குடுங்க, நானே மாட்டிக்கறேன்" என்றார். ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைக் கையால் மறைத்தாள். இது ஒட்டாதம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும் வியாபாரம் வியாபாரம். "கை சரியாகற வரைக்கும் உள்ளே லென்ஸ் வேலையைப் பாருங்கம்மா" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எத்தனை நாளைக்கு, அப்புறம் என் மேசை எனக்கு உண்டா என்று கேட்கவில்லை. அவள்தான் கேட்கிற ஜாதியே இல்லையே.

தங்கை போகும் தோல் டாக்டரிடமே அவளும் போனாள். ஒரு பெரிய டப்பா நிறையக் களிம்பு கொடுத்தார். காலையும் இரவும் தடவச் சொன்னார். சந்தேகம் ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்றார். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டாள். களிம்பு பிசுபிசுவென்று இருந்தது. அதைத் தடவிய கையால் எந்த லென்ஸைத் தொட்டாலும் மேகம் கவிந்த மாதிரி ஒரு பூச்சு. கண்ணாடிக் கடையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எனவே காலையில் தடவுவதை விட்டாள். இரவில் தடவினால் தலையணை உறை பாழாகிறது என்று கணவர் முணுமுணுத்தார். இரவிலும் நாள் விட்டு நாள் ஆயிற்று.

நிலைமை இப்படி இருக்கையில்தான் சின்னவள் ஒருநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா குடும்பம் முதல் மாடி, தங்கை குடும்பம் இரண்டாம் மாடி, நடுவில் ஒரு வரிசைப் படிக்கட்டு. தங்கையின் கணவன் வெளியூர் வேலை என்று பாதி நாள் இருக்க மாட்டான். பெரியவள் ஈரத் துணியோடு மாடி ஏறியபோது தங்கை கையைத் தூக்கிக் கொடியில் ஒரு போர்வையை எறிந்தாள். குட்டைக் கை வைத்த ரவிக்கை. முழங்கை சுத்தமாக இருந்தது. முன்னங்கையில் எங்கே படை இருந்தது என்று தேடினால்தான் தெரியும். லேசான வெளுப்பு, அவ்வளவுதான். பெரியவளுக்குக் கால் அப்படியே படியில் ஒட்டிக்கொண்டது.

ஒரே அப்பா, ஒரே தோல், ஒரே டாக்டர். அவளுக்கு மட்டும் எப்படி?

"எப்படிடி சரியாச்சு?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தங்கையும் அக்காவின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, நான் இப்ப சாப்பாட்டுல..." என்று ஆரம்பித்தவளை, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வெட்டிவிட்டு இவள் ஈரத் துணியைத் திரும்பக் கீழே கொண்டுபோனாள். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றில்தான் கொதித்தது. இரவு சாப்பாட்டின்போது கணவர் வேறு சும்மா இருக்காமல், "உன் தங்கச்சி கையப் பாத்தியா, பளிச்சுனு ஆயிடுச்சு" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை குழம்பு விழவில்லை. ஏன் என்று அந்த அப்பாவி மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டுக் குப்பையையும் ஒரு பையில் கட்டி, காலையில் படிக்கட்டின் அடியில் இருக்கும் பெரிய தொட்டியில் போட்டுவிட வேண்டும். சின்னவளுடைய பை எப்போதும் பச்சை நிறம். பெரியவள் தன் பையைப் போடப் போகும் சாக்கில் அந்தப் பச்சைப் பையைப் பிரித்தாள். இப்படி எழுதவே எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம்கூட இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மீன் முள், நிறைய. சின்ன முள், மத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனின் முள். அக்ரூட் பருப்பின் ஓடு. மேலாகவே ஒரு கண்ணாடிப் பாட்டில், பெயர்ச் சீட்டு வெளியே தெரியும்படி: ஆளி விதை எண்ணெய். முன்பெல்லாம் அந்தப் பையில் வழியும் பிஸ்கட் காகிதங்கள், பொரித்த தீனிப் பொட்டலங்கள் எதையும் காணோம்.

ஆஹா, சங்கதி இதுதானா என்று பெரியவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எண்ணெய். நல்ல கொழுப்பைத் தின்று உள்ளேயிருந்தே ஆற்றியிருக்கிறாள் கள்ளி. களிம்பு டப்பா எங்கேயாவது இருக்கிறதா என்று பையின் அடிவரை துழாவினாள். இல்லை. அன்றும் இல்லை, அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. அப்படியானால் களிம்பே இல்லாமல் சரியாகியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். தீராத டப்பா குப்பைக்கு வராது என்கிற சின்ன விஷயம், இத்தனை பெரிய கண்காரிக்குத் தோன்றவில்லை. பொறாமைக்கு இருப்பது ஒற்றைக் கண்தானே. தனக்கு வேண்டியதை மட்டும் அது பார்க்கும்.

அடுத்த நாளே களம் இறங்கினாள். தங்கை தின்பதைவிட இரண்டு பங்கு தின்று, தங்கையைவிடச் சீக்கிரம் சரியாகி, குட்டைக் கை ரவிக்கை போட்டு அதே மாடியில் துணி உலர்த்துவது என்று திட்டம். மீன் வாங்கினாள். அந்த மீனைத் தங்கை எப்படிச் சமைக்கிறாள் என்று முள்ளைப் பார்த்துத் தெரியுமா? இவள் வழக்கம்போல, ஏற்கெனவே இரண்டு முறை பொரித்து வைத்திருந்த எண்ணெயிலேயே மொறுமொறுவென்று பொரித்தாள். கைக்கு நல்லதென்று ஆளி எண்ணெயையும் ஒருநாள் வாணலியில் ஊற்றிக் காய்ச்சினாள். வீடு முழுக்கப் புகை. மீன் வாயில் வைக்க முடியாத கசப்பு. கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அவள் மட்டும் விடாமல் மென்று முழுங்கினாள். மருந்தென்றால் கசக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிச்ச எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடித்ததில் வயிறு இளகி, இரண்டு நாள் கடைக்கே போக முடியவில்லை. களிம்பு டப்பாவைப் பரணில் ஏற்றினாள்.

கடையின் உள் அறை வேலை வேறு. அங்கே லென்ஸைப் பிரேமின் அளவுக்கு உரசித் தேய்க்கும் கல் மிஷின் இருக்கிறது. கல் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பொடி கலந்த அந்தக் கூழில் நாள் முழுக்க விரலை வைத்திருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் லென்ஸின் விளிம்பு விரலுக்குத் தெரியாது. படை விரலைத் தாண்டிப் புறங்கைக்கு ஏறியது. மடக்கினால் வெடித்து ரத்தம் கசிந்தது.

இதற்கு நடுவில் சின்னவள், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறதென்று கண்ணைச் சோதிக்கக் கடைக்கு வந்தாள். அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் ஆட்குறைப்பு செய்து அவளை அனுப்பியிருந்தார்கள். முன் மேசை காலியாக இருப்பதைப் பார்த்தாள். கேள்விப் பெட்டி சும்மா இருக்குமா? "சார், இங்க யாரும் இல்லையே, அக்கா வர்ற வரைக்கும் நான் உக்காரட்டுமா?" என்று முதலாளியிடம் கேட்டேவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். உள் அறையில் கல் மிஷினை நிறுத்திவிட்டுப் பெரியவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் தெரிந்தது அந்த நாற்காலியும், அதில் போய் உட்கார்ந்த தங்கையின் சுத்தமான முழங்கையும்.

அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முன்பக்கமிருந்து தங்கையின் குரல் ஓயாமல் வரும். உங்களுக்கு எது பிடிக்கும், வெளியில் அதிகம் அலைவீர்களா, கம்பி காதில் உறுத்துகிறதா. ஒரு பிரேம் விற்க இத்தனை கேள்வியா என்று இவள் பல்லைக் கடிப்பாள். அதைவிடக் கொடுமை, வருகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. இவள் இரண்டே பிரேம் எடுத்து வைத்தால் வாங்கிப் போனவர்கள், தங்கையிடம் இருபது பிரேம் மாட்டிப் பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். சின்னவள் கம்பியைக் கோணலாக வளைப்பதை இவள் உள்ளேயிருந்தே பார்த்தாள். அந்தக் கோணல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் "ரொம்ப நன்றிம்மா" என்று போனபோது, பெரியவளுக்கு நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. தங்கை கையில் மறுபடியும் படை வர வேண்டும் என்று நினைத்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. நினைத்துவிட்டுப் பயந்தும் போனாள். பயந்துவிட்டு மறுபடியும் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் மாலை, கடை சாத்தும் நேரத்தில் முதலாளி சொன்னார். மாதம் பிறந்ததும் முன் மேசையைத் தங்கைக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறாராம். "உங்களுக்கும் உள் வேலை பழகிடுச்சு. ஒண்ணும் ஆட்சேபணை இல்லையேம்மா?" இவள் துடைப்புத் துணியை மடித்து வைத்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு வீடுவரை விறுவிறுவென்று நடந்து, தன் வீட்டுக் கதவைத் தாண்டி, இரண்டாம் மாடிக்கு ஏறினாள். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. முன்னதாகவே வீடு திரும்பிவிட்ட சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய துண்டு. பக்கத்தில் அதே டாக்டர் கொடுத்த அதே பெரிய களிம்பு டப்பா. முழங்கையிலும் முன்னங்கையிலும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவளுக்குப் பேச்சு ஒட்டுமொத்தமாக வந்தது.

"ஏமாத்துக்காரி. களிம்பைத் தடவிட்டு, மீனும் எண்ணெயும்தான் குணமாக்குச்சுனு காட்டிட்டு இருந்தியா?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "யார்கிட்ட காட்டினேன்? நான் எதைச் சாப்பிடறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. சின்னவள் எழுந்து வந்து, அக்காவின் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். வெடிப்புகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"களிம்பு தடவறதே இல்லையா நீ?"

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"என் குப்பையை நீ கிளறுவேன்னு எனக்குத் தெரியாதுனு நெனச்சியா அக்கா? எண்ணெய் பாட்டிலைக் கழுவி, பேர் தெரியற மாதிரி மேலாப்ல வெச்சது யாரு? நேர்ல சொன்னா நீ கேக்க மாட்டே. நான் வாயெடுத்தாலே அடுப்புல பால் பொங்கிடும் உனக்கு. சரி, பாத்தாவது தெரிஞ்சுக்கட்டும்னுதான் முள்ளையும் ஓட்டையும் தினமும் மேல எடுத்து வெச்சேன். களிம்பை நீ எப்படியும் தடவுவேன்னு நெனச்சேன். அதை விடுவேன்னு கனவா கண்டேன்?"

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் திருட்டுத்தனமாகப் பார்த்ததாக நினைத்தது எல்லாம் தங்கை எடுத்து வைத்துக் காட்டியது. மூக்குடைபட்டதில் அழுகை வந்தது. அந்த அழுகையிலும் பாதி பொறாமைதான். என்னைவிட இவள்தானே பெரிய மனசுக்காரியாகிவிட்டாள் என்று.

"நீ நல்லவளா இருக்கறதும் எனக்குப் பிடிக்கலை" என்றாள். "உன்னைப் பாத்தா வயிறு எரியுது. சின்ன வயசுலேருந்து."

"நான் ஒண்ணும் நல்லவ இல்லை. எனக்கு அந்த நாற்காலி பிடிச்சிருக்கு. நானா எழுந்து குடுத்துட மாட்டேன், அதை எதிர்பாக்காதே."

ஏனோ அதைக் கேட்டதும்தான் பெரியவளுக்கு மூச்சு விட முடிந்தது. பிறகு, இத்தனை வயதுக்கு அவள் வாயிலிருந்து வந்திராத ஒன்று வந்தது.

"எப்படிச் சாப்பிடணும்னு சொல்லு."

சின்னவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் விரல்களில் களிம்பையும் தடவினாள். தோலின் படைக்கு முதலில் களிம்பு; சாப்பாடு அதற்குத் துணை, மாற்று கிடையாது. அவள் டாக்டரை நச்சரித்து நச்சரித்துக் கேட்டு வாங்கிய விவரம் அது. இந்த நோயில் உடம்பு தனக்குள்ளேயே சண்டை போட்டு வீங்கிச் சிவக்கிறது. மத்தி போன்ற மீனிலும், அக்ரூட்டிலும், ஆளி விதையிலும் இருக்கிற கொழுப்பு சிலருக்கு அந்தச் சண்டையைக் கொஞ்சம் தணிக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி தணிக்காது. மீனைப் பொரிக்கக் கூடாது, வேகவைக்க வேண்டும். பொரித்து மீந்த எண்ணெயைத் தொடவே கூடாது. ஆளி எண்ணெயை அடுப்பில் காட்டாமல், ஆறின சாப்பாட்டின் மேல் ஒரு சின்னக் கரண்டி பச்சையாக ஊற்றிக்கொள்ள வேண்டும், பாட்டில் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். நான் அதைக் காய்ச்சினேன் என்று பெரியவள் ஒப்புக்கொண்டபோது தங்கை சிரித்த சிரிப்பு கீழ் வீடுவரை கேட்டிருக்கும். பெரியவளுக்குக் கோபம் வந்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், மேசை விஷயத்தைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைவிட இது சுலபமாக வந்தது. ஆகட்டும் என்றார். உள் அறையில் ஈர வேலை வேண்டாம், லென்ஸ் பொறுக்கிப் பிரேமில் பொருத்துகிற காய்ந்த வேலை போதும் என்றும் கேட்டு வாங்கினாள். கல் மிஷினுக்கு அரை நாள் ஆள் ஒருவர் வந்துபோனார். காலையில் களிம்பு தடவிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டாள். வேகவைத்த மீனைக் கணவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

கை சட்டென்று சரியாகிவிடவில்லை. முதலில் வெடிப்பு மூடியது. பிறகு செதில் குறைந்தது. பல மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு விரல் கணுக்களில் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. அது எண்ணெயாலா, களிம்பாலா, தண்ணீரை விட்டதாலா என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தங்கையின் கை அளவுக்குப் பளிச்சென்று ஆகவில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தக் கையோடு முதலாளி முன்னால் போய் நின்றாள். சின்னவளும் அங்கேதான் இருந்தாள்.

"முன் மேசை என் இடம். எனக்கு அது திரும்ப வேணும்."

முதலாளி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கும் வேணும் சார் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். பெரியவள்தான் முதலில் இருந்தவள், வேலையும் தெரிந்தவள். நியாயம் என்று பார்த்தால் இடம் அவளுக்குத்தான். "அப்ப சின்னவங்க உள்ளே வந்துடட்டும்" என்றார். கல் மிஷின் ஆளும் நின்றுவிட்டாராம். நாளையிலிருந்தே அந்த வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்.

வேலை போய்விடவில்லையே என்று சின்னவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவள் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கல்லின் மேல் விழும் தண்ணீரும் கண்ணாடிப் பொடியும் இந்தத் தோலை என்ன செய்யும் என்று அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் பெரியவள். ஒரு பருவம் போதும். அந்த முழங்கை, அந்த முன்னங்கை, மாடிக் கொடியருகே பார்த்த அந்த வழவழப்பு எல்லாம் போய்விடும். வாயைத் திறக்காமல் நின்றால் மட்டும் போதும். வாயைத் திறக்காமல் நிற்பது அவளுக்குப் பிறவிப் பழக்கம்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. முதலாளி பேச்சு முடிந்துவிட்டதென்று இருட்டறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவள் நின்றது தங்கைக்காக யோசித்துக்கொண்டு இல்லை. அந்தக் கை வெடிப்பதை மனதுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"சார்" என்றாள். "அவளை உள்ளே அனுப்பாதீங்க. அந்தத் தண்ணி அவ கைக்கு ஆகாது."

"பின்னே என்னம்மா பண்றது? ரெண்டு பேருக்கும் முன்னாடி இடம் இல்லையே."

"காலைல அவ இருக்கட்டும். மத்தியானத்துக்கு மேல நான். சம்பளத்தை ஆளுக்குப் பாதியாக்கிக்கங்க."

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது கேட்கிறவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

அப்படித்தான் நடக்கிறது இப்போதும். கல் மிஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். காலையில் வருகிறவர்கள் இருபது பிரேம் மாட்டிப் பார்த்துப் பேசிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மத்தியானம் வருகிறவர்களுக்கு இரண்டே பிரேம். கம்பி மட்டும் காதில் உட்கார்ந்திருப்பதே தெரியாது. தங்கை கோணலாக வளைத்து அனுப்பிய கண்ணாடிகள் சில பிற்பகலில் திரும்பி வரும். அதை நேராக்கும்போது பெரியவளுக்கு ஏற்படுகிற சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

வேளை மாறும்போது இருவரும் மேசையருகே ஒரு நிமிடம் நிற்பார்கள். "எங்கே, காட்டு" என்பாள் அக்கா. சின்னவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டுவாள். பெரியவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற அதே கூர்மையோடு, சிவப்பு ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பாள். இருந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறாளா, இருக்காதா என்ற ஆசையில் பார்க்கிறாளா? இரண்டுக்காகவும்தான். அது தங்கைக்கும் தெரியும். தெரிந்தேதான் கையை நீட்டுகிறாள்.